தேடியும் கிடைக்காத மென்பொருள்

நிறுவனக் கணினிகளில் என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

2017ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளில் ஆபத்தான பாதுகாப்பு ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. இணையத்தளங்களை உருவாக்கப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அது. ஓட்டையை அடைக்கும் திருத்தமும் உடனே வெளியானது. மறுநாள் அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு பல நிறுவனங்களை எச்சரித்தது. எச்சரிக்கை பெற்றவற்றுள் ஒன்று எக்குவிஃபேக்ஸ். கோடிக்கணக்கான மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் பெரிய நிறுவனம்.

மார்ச் 9ஆம் தேதி அந்த நிறுவனத்தில் ஓர் உள் மின்னஞ்சல் சென்றது. ‘ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் 48 மணி நேரத்திற்குள் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்’ என்பது அதன் சாரம். மார்ச் 15ஆம் தேதி கணினிகளை ஸ்கேன் செய்தும் பார்த்தார்கள். ஓட்டையுள்ள ஸ்ட்ரட்ஸ் எங்கும் இல்லை என்றது ஸ்கேன்.

ஆனால் அது இருந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் கடன் விவரங்களில் உள்ள தவறுகளைப் பற்றி முறையிடும் இணையத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மே 13ஆம் தேதி அந்த ஓட்டை வழியாக ஊடுருவாளர்கள் நுழைந்தார்கள். இரண்டரை மாதம் உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் போன்ற விவரங்கள் திருடு போயின.

ஸ்கேன் ஏன் கண்டுபிடிக்கவில்லை? அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை அதற்கு விடை சொல்கிறது. ஸ்கேன் மேல்மட்டக் கோப்புறையில் மட்டும் ஓடியது. ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ அதற்குக் கீழே உள்ள ஒரு துணைக் கோப்புறையில். எந்தக் கணினியில் என்ன மென்பொருள் இருக்கிறது என்ற முழுமையான பட்டியலும் அந்த நிறுவனத்திடம் இல்லை. திருட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த ஸ்கேன் சரியான இடத்தில் தேடியிருந்தால் ஓட்டையை இரண்டு மாதங்களுக்கு முன்பே அடைத்திருக்கலாம்.

ஒரு கணினியில் என்ன மென்பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா? வாருங்கள், பார்ப்போம்.

பதிவேடும் அலமாரியும்

உங்கள் பள்ளி நூலகத்தில் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நூலகப் பதிவேட்டைப் புரட்டுவது. மற்றொன்று, ஒவ்வோர் அலமாரியாகப் போய்ப் பார்ப்பது.

கணினியிலும் இதே இரண்டு வழிகள்தாம். விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருளை முறையாக நிறுவும்போது, அது ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பதிவேட்டில் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி வைக்கும். உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளிலும் இப்படி ஒரு பதிவேடு உண்டு. அதைப் படிக்கச் சில விநாடிகள் போதும்.

ஆனால் பதிவேட்டை மட்டும் நம்ப முடியாது. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த புத்தகம் பதிவு செய்யப்படாமலே அலமாரியில் இருக்கலாம். அதுபோல, நிறுவத் தேவையில்லாமல் பென்டிரைவிலிருந்து நகலெடுத்த உடனே ஓடும் மென்பொருள்கள் பல உண்டு. அவை பதிவேட்டில் வருவதில்லை. ஒரு பெரிய மென்பொருளுக்குள் பாகமாக ஒட்டிக்கொண்டு வரும் சிறிய மென்பொருள்களும் வருவதில்லை. ஸ்ட்ரட்ஸ் அப்படிப்பட்ட பாகம்தான். எதிர்மாறாகவும் நடக்கலாம். தொலைந்துபோன புத்தகம் பதிவேட்டில் இன்னும் இருப்பதுபோல, நீக்கப்பட்ட மென்பொருளின் பெயர் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும்.

அதனால்தான் இரண்டாவது வழியும் தேவைப்படுகிறது. கணினியின் சேமிப்பகத்தில் உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளைப் பார்த்து, ‘இது இன்ன மென்பொருள்’ என்று அடையாளம் காண்பது. இதற்குக் கோப்பு ஸ்கேன் என்று பெயர்.

பாதுகாப்புக்கு மட்டும் இது உதவுவதில்லை. பல மென்பொருள்களுக்கு, எத்தனை கணினிகளில் பயன்படுத்துகிறோம் என்ற கணக்கில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 100 கணினிகளுக்கு உரிமம் வாங்கிவிட்டு 140 கணினிகளில் பயன்படுத்தினால் அது சட்டச் சிக்கல். 140க்கு வாங்கி 60இல் மட்டும் பயன்படுத்தினால் அது வீண்செலவு.

கோப்பின் அடையாளம்

ஸ்கேனர் ஒரு கோப்பைப் பார்க்கிறது. அது என்ன மென்பொருள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

முதல் துப்பு, பெயர். ஆனால் பெயர் எளிதில் ஏமாற்றிவிடும். ‘செட்டப்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வெவ்வேறு கோப்புகள் உலகில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பெயரை மாற்றவும் முடியும்.

இரண்டாவது துப்பு, கோப்பின் தொடக்கம். விண்டோஸில் ஓடும் ‘இ.எக்ஸ்.இ.’ வகைக் கோப்புகளின் முதல் இரண்டு எழுத்துகள் ‘எம்’, ‘இசட்’. இந்தக் கோப்பு வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை. சுருக்கப்பட்ட ‘ஸிப்’ கோப்புகள் ‘பி’, ‘கே’ என்று தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். கோப்பின் பெயரை மாற்றினாலும் இந்த எழுத்துகள் மாறுவதில்லை.

மூன்றாவது துப்பு, உள்ளே எழுதப்பட்டிருக்கும் விவரம். பெரும்பாலான விண்டோஸ் மென்பொருள்கள் தயாரித்த நிறுவனம், பொருளின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். மருந்து அட்டையில் அச்சிட்டிருப்பதுபோல.

நான்காவது துப்பு, ஹேஷ். இது கோப்பின் விரல்ரேகை. கோப்பு முழுவதையும் ஒரு கணிதச் செயல்முறைக்குள் செலுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். ‘ஷா 256’ என்ற முறையில் அது 64 குறியீடுகள் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். அடையாளம் காண இதைவிட உறுதியான வழி இல்லை. ஆனால் இதிலும் இரண்டு குறைகள். விரல்ரேகை எடுக்கக் கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படிக்க வேண்டும். அடுத்து, ஏற்கெனவே பட்டியலில் உள்ள ரேகையுடன் ஒப்பிட்டால்தான் பயன். நேற்று வெளியான புதிய பதிப்பின் ரேகை பட்டியலில் இல்லாவிட்டால் ஸ்கேனருக்கு அது அந்நியன்தான்.

எல்லாவற்றையும் தேடினால் என்ன?

‘எல்லாக் கணினியிலும் எல்லாக் கோப்பையும் தினமும் முழுதாகப் படித்துவிட்டால் ஒன்றுமே தப்பாதே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மடிக்கணினியில் 3 லட்சம் கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த அளவு 200 ஜிகாபைட். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தை மட்டும் பார்க்க 1 மில்லி விநாடி ஆனால், மொத்தம் 300 விநாடி. அதாவது 5 நிமிடம். சுழலும் தட்டு கொண்ட பழைய வன்தட்டில், படிக்கும் முனை ஒவ்வோர் இடமாக நகர வேண்டும். ஒரு கோப்புக்கு 10 மில்லி விநாடி என்றால் 50 நிமிடம் ஆகிவிடும். விரல்ரேகை எடுக்க முழுவதையும் படிப்பதாக இருந்தால், விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் 1,000 விநாடி, ஏறத்தாழ 17 நிமிடம். இது வேகமான கணினியில்தான்.

அந்த நேரம் முழுவதும் கணினி வேறு வேலைக்குத் திணறும். வங்கி முகப்பில் வரிசை நிற்கும்போதோ, மருத்துவமனையில் நோயாளியின் பதிவைத் திறக்கும்போதோ அப்படி நடந்தால் என்ன ஆகும்? ஊழியர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு ஸ்கேனையே நிறுத்திவிடச் சொல்வார்கள். நிறுத்திய ஸ்கேன் எதையும் கண்டுபிடிக்காது. ஆகவே எதைத் தேடுவது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீர்மானங்களைத்தான் ஸ்கேனின் அமைப்பு என்கிறோம்.

ஐந்து கேள்விகள்

எங்கே தேடுவது? மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் கோப்புறைகளில் மட்டும் தேடினால் வேலை விரைவாக முடியும். ஆனால் பயனாளரின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலும் இரண்டாவது வன்தட்டிலும் இருப்பவை தப்பிவிடும். பொதுவாக எல்லா உள் வன்தட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, குப்பைத் தொட்டி போன்ற சிலவற்றை மட்டும் விலக்குவார்கள். வலையமைப்பில் உள்ள பொதுச் சேமிப்பகத்தை விலக்குவதும் முக்கியம். இல்லையென்றால் 500 கணினிகள் அதே பொதுச் சேமிப்பகத்தை 500 முறை துழாவும்.

எதைத் தேடுவது? படங்களும் பாடல்களும் மென்பொருள் அல்ல. ‘இ.எக்ஸ்.இ.’, ‘டி.எல்.எல்.’, ஜாவா மென்பொருள்களின் ‘ஜார்’ போன்ற சில வகைகளை மட்டும் சொல்லிவிட்டால் 3 லட்சம் கோப்புகள் சில பத்தாயிரங்களாகக் குறையலாம்.

எவ்வளவு ஆழம்? கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ‘மூன்று அடுக்குக்கு மேல் போகாதே’ என்று சொன்னால் நேரம் மிச்சம். ஆனால் நான்காவது அடுக்கில் ஸ்ட்ரட்ஸ் இருந்தால்?

எப்போது? பலர் மதிய உணவு வேளையையோ இரவையோ தேர்ந்தெடுப்பார்கள். இரவில் மடிக்கணினிகள் மூடப்பட்டிருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. எல்லாக் கணினிகளும் ஒரே நிமிடத்தில் தொடங்கினால் பொதுவான சர்வர் திணறும். எனவே தொடக்க நேரத்தைச் சில மணி நேரத்திற்குச் சிதறவிடுவார்கள். மைக்ரோசாஃப்டின் ‘கான்ஃபிகரேஷன் மேனேஜர்’ என்ற கருவியில் மென்பொருள் கோப்புக் கணக்கெடுப்பின் இயல்பான இடைவெளி 7 நாள். இடையில் ஓட்டை பற்றிய செய்தி வந்தால் அவசர ஸ்கேன் ஓட்டலாம்.

எதைத் தொடக்கூடாது? ஊழியர் ஒருவர் தம் மடிக்கணினியில் மருத்துவ அறிக்கை வைத்திருக்கலாம். ‘அம்மாவின் அறுவை சிகிச்சை’ என்ற கோப்புப் பெயர் மட்டும் போதும், ஒருவரது குடும்ப ரகசியம் அலுவலகப் பட்டியலில் ஏறிவிடும். மென்பொருளைத் தேடும் ஸ்கேன் ஆவணங்களின் பெயர்களைச் சேகரிக்க வேண்டிய அவசியமே இல்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டன. தேவையானதை மட்டும் சேகரிப்பதுதான் நல்ல அமைப்பு.

பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டி

2021 டிசம்பரில் உலகமே ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தேட வேண்டியதாயிற்று. அதன் பெயர் ‘லாக்ஃபோர்ஜே’. ஜாவா மென்பொருள்களில் என்ன நடக்கிறது என்று குறித்து வைக்கும் ஒரு சிறிய பாகம். அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவினர் அதில் ஓட்டை இருப்பதைக் கண்டு நவம்பர் 24ஆம் தேதி தெரிவித்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் செய்தி உலகுக்குப் பரவியது. ஆபத்தின் அளவு 10க்கு 10.

உங்களில் பலர் விளையாடும் மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பும் பாதிக்கப்பட்டது. அரட்டைப் பகுதியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியைத் தட்டினாலே போதும். லாக்ஃபோர்ஜே அதைக் குறித்துக்கொள்ளும்போது, வெளியிலிருந்து அந்நிய நிரலைக் கொண்டுவந்து இயக்கிவிடும் அபாயம் இருந்தது.

‘நம்மிடம் லாக்ஃபோர்ஜே இருக்கிறதா?’ உலகெங்கும் நிறுவனங்கள் கேட்ட கேள்வி இது. பதிவேட்டில் பார்த்தால் இல்லை. யாரும் அதைத் தனியாக நிறுவவில்லையே! கோப்பின் பெயரைத் தேடினால் சில கிடைத்தன. மற்றவை எங்கே?

ஜாவாவின் ‘ஜார்’ கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பெட்டி. ஒரு ஜாருக்குள் இன்னொரு ஜாரை வைக்கலாம். சம்பளக் கணக்கு மென்பொருளின் பெட்டிக்குள் அறிக்கை தயாரிக்கும் பாகத்தின் பெட்டி, அதற்குள் லாக்ஃபோர்ஜேயின் பெட்டி என்று அடுக்கடுக்காக இருந்தது. வெளிப்பெட்டியின் பெயரை மட்டும் படித்த ஸ்கேனர்கள் ‘இல்லை’ என்றன. பெட்டிகளைத் திறந்து பார்க்கும்படி அமைக்கப்பட்ட ஸ்கேனர்கள் கண்டுபிடித்தன. சில மென்பொருள்களில் லாக்ஃபோர்ஜேயின் பெட்டியையே பிரித்து, உள்ளிருந்த துண்டுகளை வேறு பெட்டியில் கொட்டியிருந்தார்கள். அங்கே பெட்டியின் பெயர் உதவவில்லை. ஓட்டையுள்ள அந்த ஒரு துண்டின் பெயரையோ விரல்ரேகையையோ தேட வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லாப் பெட்டியையும் கடைசிவரை திறந்துவிடலாமே? அதிலும் ஒரு பொறி உண்டு. ‘42 ஸிப்’ என்று ஒரு குறும்புக் கோப்பு இருக்கிறது. அளவு வெறும் 42 கிலோபைட். ஆனால் உள்ளே பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கியிருப்பதை எல்லாம் விரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிகாபைட். அப்பாவி ஸ்கேனர் அதைத் திறக்கப் போய் மூச்சுத் திணறிவிடும். ஆகவே எத்தனை அடுக்கு வரை திறப்பது, எவ்வளவு பெரிதானால் நிறுத்துவது என்று வரம்பு வைத்தே ஆக வேண்டும்.

அந்தத் தேடலுக்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டது தெரியுமா? அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு மறுஆய்வுக் குழு 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கைப்படி, அரசுத் துறை ஒன்று மட்டும் இதற்காக 33,000 மணி நேரம் செலவிட்டது. லாக்ஃபோர்ஜேயின் பழைய பதிப்புகள் இன்னும் பத்தாண்டுகளோ அதற்கும் மேலோ ஆங்காங்கே தங்கியிருக்கும் என்றும் அக்குழு எச்சரித்தது.

‘இல்லை’ என்றால் என்ன பொருள்?

இப்போது எக்குவிஃபேக்ஸுக்குத் திரும்புவோம். அங்கே ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்தது, அங்கே எதுவும் இல்லை, அதைச் சொன்னது. ‘பார்த்த இடத்தில் இல்லை’ என்பதை மனிதர்கள் ‘எங்குமே இல்லை’ என்று புரிந்துகொண்டார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள்.

இந்தத் தவற்றைத் தவிர்க்க அனுபவமுள்ள நிர்வாகிகள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்கிறார்கள்.

முதலாவது, பார்க்காதவற்றையும் கணக்கில் காட்டுவது. நல்ல அறிக்கை ‘500 கணினிகளில் 463 ஸ்கேன் ஆயின, 37 அணைந்திருந்தன, 12 கணினிகளில் சில கோப்புறைகளைத் திறக்க அனுமதி இல்லை’ என்று சொல்லும். அனுமதி மறுக்கப்பட்ட கோப்புறையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் ஸ்கேனர் ஆபத்தானது.

இரண்டாவது, விலக்குப் பட்டியலைக் கண்காணிப்பது. மேலே சொன்ன கான்ஃபிகரேஷன் மேனேஜரில், குறிப்பிட்ட பெயருள்ள மறைகோப்பு ஒன்றை ஒரு கோப்புறையில் வைத்துவிட்டால் போதும், கணக்கெடுப்பு அந்தக் கோப்புறையைத் தொடாது. வசதிதான். ஆனால் யார், எப்போது, எதற்காக வைத்தார் என்று எழுதி வைக்காவிட்டால் ஐந்து ஆண்டு கழித்து அது யாருக்கும் தெரியாத இருட்டு மூலையாகிவிடும்.

மூன்றாவது, ஸ்கேனருக்கே பரீட்சை வைப்பது. தெரிந்த ஒரு சோதனைக் கோப்பை வேண்டுமென்றே ஆழமான கோப்புறையில் ஒன்று, பெட்டிக்குள் பெட்டியாக ஒன்று என்று ஒளித்து வைப்பார்கள். ஸ்கேன் அவற்றைக் கண்டுபிடித்தால்தான் அதன் ‘இல்லை’க்கு மதிப்பு. வைரஸ் தடுப்பு மென்பொருள்களைச் சோதிக்கவும் இதே யோசனைதான். அதற்கென்றே ‘ஐகார்’ என்ற, யாருக்கும் தீங்கு செய்யாத 68 பைட் சோதனைக் கோப்பு இருக்கிறது.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே? ஓர் உணவில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அயோடின் கரைசலைக் கொண்டு சோதிக்கிறீர்கள். நிறம் மாறவில்லை. உடனே ‘மாவுச்சத்து இல்லை’ என்று எழுதிவிடலாமா? முதலில் அதே கரைசலை மாவுச்சத்து நிச்சயமாக உள்ள ஒன்றில் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கருநீலமாக மாறினால்தான் கரைசல் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கட்டுரை ஒன்றின் வேர்டு கோப்பை நகலெடுங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம். நகலை ‘நோட்பேட்’ கொண்டு திறந்து பாருங்கள். புரியாத குறியீடுகளின் கடல் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் ‘பி’, ‘கே’! எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். இப்போது நகலின் பெயரில் இறுதியில் உள்ள ‘டாக்ஸ்’ என்ற பகுதியை ‘ஸிப்’ என்று மாற்றித் திறங்கள். உள்ளே கோப்புறைகள் இருக்கும். அவற்றுள் ‘வேர்டு’ என்ற கோப்புறையில் உங்கள் கட்டுரையின் வரிகளைத் தாங்கிய கோப்பு இருக்கும். உங்கள் கட்டுரையில் படம் இருந்தால் அதுவும் தனிக் கோப்பாகக் கிடைக்கும்.

நீங்கள் ஒரே கோப்பு என்று நினைத்தது ஒரு பெட்டி. இப்படி எத்தனை பெட்டிகள் உங்கள் கணினியில் இருக்கின்றன என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ‘எங்கள் கணினிகளில் அது இல்லை’ என்று யாராவது உறுதியாகச் சொன்னால், ‘எங்கெல்லாம் தேடினீர்கள்?’ என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிடும்.